அத்தியாயம் 6: நோயாளியின் பெயர் இருக்கிறது, பார்ப்பவரின் பெயர் எங்கே?

பிரதேச செயலகத்தில் கேட்டால் மாற்றுத்திறனாளிகளின் பட்டியல் கிடைக்கும். முதியோர் கொடுப்பனவு பெறுவோர், சிறுநீரக நோய்க் கொடுப்பனவு பெறுவோர் பட்டியல்களும் அங்கே உண்டு. வைத்தியசாலையில் கிளினிக் பதிவேடு இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் நோயாளியைக் காணலாம். இரவில் மூன்று தரம் எழும்பி அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் மனைவியையோ மருமகளையோ எழுதிவைக்க இந்தப் பதிவேடுகளில் பெரும்பாலும் ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஆகவே வீட்டில் சம்பளமில்லாமல் பராமரிப்பவர்களைப் பற்றிய ஆய்வு எதுவானாலும், அதன் முதல் வேலை ஆளைக் கண்டுபிடிப்பது. அவரிடம் கேட்பது இரண்டாவது. கேட்டதற்குப் பதிலாக அவர் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவது மூன்றாவது. மூன்றாவதைச் செய்ய முடியாதென்றால் முதல் இரண்டையும் தொடங்க வேண்டாம்.

மாத்தளை மாவட்டத்தில் வேலை செய்யும் கள உத்தியோகத்தர்கள், கிராமச் சங்கங்கள், ஆய்வுக்கு வரும் மாணவர்கள் ஆகியோருக்காக இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. எடுத்துக்காட்டுகள் லக்கல – பல்லேகம பிரதேசத்தையும் மலையின் மறுபக்கத் தோட்டங்களையும் மனதில் வைத்தவை.

இடத்தை முதலில் படியுங்கள்

பல்லேகம நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, ரிவர்ஸ்டன், இலுக்கும்புர வழியாக மலையேறி இறங்க வேண்டும். மழையும் மூடுபனியும் உள்ள நாளில் இந்தப் பாதையில் எத்தனை மணிக்கு எங்கே சேருவோம் என்று சொல்ல முடியாது. வைத்தியர் ‘மாதம் ஒரு தரம் கிளினிக்குக்கு வாருங்கள்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார். அதன் பின்னால் விடியற்காலை பஸ், கூடப்போக ஒரு ஆள், அன்றைய கூலி இழப்பு எல்லாம் இருக்கின்றன. ஆய்வில் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதாதீர்கள். வீட்டுப் படியிறங்கி மருந்தோடு திரும்பி வர எத்தனை மணித்தியாலம், எவ்வளவு ரூபாய் என்று எழுதுங்கள்.

இரண்டாவது விடயம் இடப்பெயர்வு. மொரகஹகந்த – களு கங்கைத் திட்டத்தின் கீழ் களு கங்கை நீர்த்தேக்கத்தில் 2018 இல் நீர் நிரப்பத் தொடங்கியது. பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போனது. லக்கலவில் புதிய நகரம் கட்டப்பட்டது, குடும்பங்கள் வேறு இடங்களில் குடியமர்த்தப்பட்டன. ஒரு குடும்பம் இடம் மாறும்போது வீடும் வயலும் மட்டுமா மாறுகின்றன? ‘கொஞ்சம் அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், கடைக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்று கேட்கக்கூடிய பக்கத்து வீடும் மாறிவிடுகிறது. எனவே குடியமர்த்தப்பட்ட குடும்பமா என்பதையும், பழைய இடத்தில் உதவியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாவது, நோயின் வகை. பக்கத்திலுள்ள வில்கமுவ, காரணம் தெளிவாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் அதிகமாகக் காணப்படும் பகுதிகளில் ஒன்று. அந்த நோய் முற்றி டயலிசிஸ் வரை போனால் வழமையாக வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தரம், ஒவ்வொரு தரமும் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். நோயாளி கட்டிலில் இருக்கும் அந்த நான்கு மணித்தியாலமும் துணைக்குப் போனவர் விறாந்தையில் உட்கார்ந்திருப்பார். பாரிசவாதம் வந்தவரைப் பார்ப்பவரின் நாள் வேறு, மறதி நோய் வந்தவரைப் பார்ப்பவரின் நாள் வேறு, டயலிசிஸ் குடும்பத்தின் நாள் முற்றிலும் வேறு. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் எதற்கும் பொருந்தாத ஒரு எண்தான் கிடைக்கும்.

மலைக்கு மேற்கே இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவப் பக்கத் தோட்டங்களில் நிலைமை இன்னொரு விதம். அங்கே கூலி நாட்கணக்கு. வீட்டில் நின்றால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை. லயத்தில் ஓர் அறையும் ஒரு குசினியும் மட்டும் இருக்கும் வீட்டில் நோயாளியின் கட்டிலைப் போட்டால் மற்ற எல்லோரும் எங்கே படுப்பது என்பதும் பராமரிப்புப் பிரச்சினைதான்.

பட்டியல் எடுப்பது

ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவை மட்டும் எடுங்கள். தேவைகளை அறிய இருபது முப்பது வீடுகள் போதும். கீழே உள்ளவர்களிடம் இதே வரிசையில் போனால் பட்டியல் விரைவில் நிரம்பும்.

1. கிராம உத்தியோகத்தர். கொடுப்பனவு பெறுவோரின் வீடுகள் அவருக்குத் தெரியும்.

2. குடும்பநல உத்தியோகத்தர், அதாவது ஊரில் ‘மிட்வைஃப் மிஸ்’. அவர் வீட்டுக்குள் போகிறவர். கர்ப்பிணியைப் பார்க்கப் போன இடத்தில் உள்ளறையில் படுத்திருக்கும் தாத்தாவையும் பார்த்திருப்பார்.

3. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரும் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரும்.

4. மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

5. பாடசாலை வகுப்பாசிரியர்கள். அடிக்கடி வராத பிள்ளைகளின் பெயர்களைக் கேளுங்கள். அவர்களில் சிலர் வீட்டில் யாரையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

6. தோட்டமென்றால் நலன்புரி உத்தியோகத்தரும் பிள்ளைமடுவப் பொறுப்பாளரும்.

மாற்றுத்திறனாளி என்று பதியாத வீடுகளைத் தவறவிடாமல் இருக்க ஒரு வழி உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டில் பார்த்தல், கேட்டல், நடத்தல், ஞாபகம், தன்னைத்தான் பராமரித்தல், பேச்சுத் தொடர்பு ஆகிய ஆறு விடயங்களில் சிரமம் உண்டா என்று கேட்டார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 16 இலட்சம் பேர், அதாவது 8.7 வீதத்தினர், ஏதோ ஒன்றில் சிரமம் உண்டு என்று பதில் சொன்னார்கள். அதே மதிப்பீட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 12.4 வீதம். ‘உங்கள் வீட்டில் ஊனமுற்றவர் உண்டா’ என்று கேட்டால் இல்லை என்பவர்களும், ‘தானாகக் குளித்து உடுத்த முடியாதவர் உண்டா’ என்று கேட்டால் உண்டு என்பார்கள். இந்த ஆறு கேள்விகளை அப்படியே பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு நோயாளியின் பெயருக்கு எதிரிலும் இரண்டு பெயர்கள் எழுதுங்கள். முதலாவது, முழுநேரமும் பார்ப்பவர். இரண்டாவது, அவருக்கு முடியாமல் போனால் பார்க்கக்கூடியவர். இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும் வீடுகளுக்கு முதலில் போங்கள்.

எப்படிக் கேட்பது

‘பராமரிப்பவர் யார்?’ என்று நேரே கேட்டால் வீட்டுக்குத் தலைவர் யாரோ அவர் பெயரைச் சொல்வார்கள், அல்லது ‘எல்லாரும்தான்’ என்பார்கள். நேற்று நடந்ததைக் கேளுங்கள். ஒவ்வொரு வேலையாக, யார் செய்தது என்று கேளுங்கள். பயிற்சி வகுப்பில் பேசிப் பார்ப்பதற்காக எழுதிய உரையாடல் இது. இடம் ஒரு தோட்ட லயம், மாமிக்குப் பாரிசவாதம்.

‘மாமியப் பாத்துக்கிறது நீங்கதானா அக்கா?’

‘எல்லாரும்தான் பாத்துக்கிறோம் மிஸ்.’

‘நேத்து ராத்திரி அவங்க எத்தன தரம் எழுப்புனாங்க?’

‘மூணு தரம். ஒரு தரம் ஒண்ணுக்கு. மத்த ரெண்டு தரம் சும்மா கூப்பிட்டாங்க.’

‘யாரு எழும்பினது?’

‘நான்தான்.’

‘காலையில குளிப்பாட்டினது?’

‘நான்தான். சின்னவ தண்ணி சுடவச்சுக் குடுத்தா.’

‘சின்னவ என்ன படிக்கிறா?’

‘ஒம்பதாம் வகுப்பு. நேத்து இஸ்கூலுக்குப் போகல மிஸ். நான் மருந்தெடுக்க கிளினிக்குக்குப் போயிட்டேன், கெழவிகூட ஆளில்ல.’

‘நீங்க மலைக்குப் போயி எத்தன நாளாச்சு?’

‘போன கெழம ரெண்டு பேருதான் விழுந்துச்சு.’

முதல் பதிலோடு படிவத்தை மூடியிருந்தால் ‘குடும்பமே பகிர்ந்துகொள்கிறது’ என்று எழுதியிருப்பீர்கள். அடுத்த ஐந்து கேள்விகளில் உடைந்த தூக்கம், ஒரு பிள்ளையின் ஒரு நாள் படிப்பு, ஒரு வாரக் கூலியில் பாதிக்கு மேல் போனது மூன்றும் வெளியே வந்துவிட்டன.

போகும்போது கவனிக்க வேண்டியவை சில. நோயாளி காதில் விழும் இடத்தில் சுமையைப் பற்றிக் கேட்காதீர்கள். கிணற்றடிக்கோ தோட்டத்துக்கோ நடந்தபடி பேசுங்கள், அந்த நேரம் உங்கள் குழுவில் ஒருவர் நோயாளியோடு உட்காரட்டும். மருமகளிடம் மாமியின் முன்னிலையில் கேட்கும் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, அதைக் கேட்காமலே எழுதிவிடலாம். பல்லேகமவில் பெரும்பாலோர் சிங்களம் பேசுபவர்கள், தோட்டத்தில் தமிழ். பேட்டி அவர்கள் மொழியில் நடக்க வேண்டும். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தகப்பனின் மலசலக் கதையை மகள் வாயால் சொல்லவைப்பது இருவருக்கும் தண்டனை.

அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு 2023 இல் தொடங்கியதிலிருந்து படிவத்தோடு வருகிறவர் எவரும் அஸ்வெசும ஆள்தான் என்று ஊர் நினைக்கிறது. முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்: இந்தப் படிவத்தால் பணம் வராது, சொல்லாவிட்டால் எதுவும் நிற்கவும் நிற்காது, எந்த இடத்திலும் போதும் என்று சொல்லலாம்.

ஒரு பக்கப் படிவம்

1. யாரைப் பார்க்கிறீர்கள், என்ன உறவு, எத்தனை வருடமாக?

2. குளிப்பாட்டுதல், உடுத்துதல், கழிப்பறைக்குக் கொண்டுபோதல், கட்டிலிலிருந்து எழுப்புதல், சிறுநீர் மலம் அடங்காததைச் சுத்தம் செய்தல், ஊட்டுதல். நேற்று இவற்றில் எவற்றைச் செய்தீர்கள்? எத்தனை தரம்?

3. நேற்றிரவு எத்தனை தரம் எழும்பினீர்கள்?

4. அவரைத் தனியே விட்டுவிட்டு எவ்வளவு நேரம் வெளியே போக முடியும்?

5. போன மாதம் கிளினிக்குக்குப் போய்வர எவ்வளவு செலவு, எத்தனை நாள் கூலி போனது?

6. மருந்து, பேம்பஸ், விசேட சாப்பாடு எல்லாம் சேர்த்துப் போன மாதம் எவ்வளவு?

7. உங்களுக்கு என்ன வருத்தம் இருக்கிறது? கடைசியாக எப்போது உங்களுக்காக மருந்தெடுத்தீர்கள்?

8. நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்?

9. ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் உங்களுக்கென்று கிடைத்தால் என்ன செய்வீர்கள்?

10. எதை எப்படிச் செய்வதென்று யாராவது காட்டித்தந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தீர்கள்?

இரண்டாவது கேள்வியிலுள்ள ஆறு வேலைகளும் 1963 இல் அமெரிக்க வைத்தியர் சிட்னி கேட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்த அட்டவணையை ஒட்டியவை. ஒன்பதாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ‘உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?’ என்று கேட்டால் எல்லோரும் பணம் என்பார்கள், அது உண்மையும்தான். நாலு மணித்தியாலக் கேள்விக்கு ஒருவர் ‘தூங்குவேன்’ என்பார், ஒருவர் ‘மிளகு பறிப்பேன்’ என்பார், ஒருவர் ‘என் கண்ணைக் காட்டிவிட்டு வருவேன்’ என்பார். மூன்று பேருக்கும் தேவைப்படும் உதவி ஒன்றல்ல.

பராமரிப்பவரின் மனச்சுமையை அளக்க ‘ஜாரிட் நேர்காணல்’ என்ற ஒரு கருவி 1980 இல் வந்தது, இன்று உலகமெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. இப்போது வழக்கிலுள்ள வடிவத்தில் 22 கேள்விகள், 0 முதல் 88 வரை புள்ளி. கோபம் வருகிறதா, வெட்கமாக இருக்கிறதா என்றெல்லாம் அதில் உண்டு. பயிற்சி பெற்றவர், தனிமையான இடம், மூன்றாவது நான்காவது சந்திப்பு என்று எல்லாம் கூடிவந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முதல் நாளே லயத்து அறையில் வைத்துக் கேட்டால் வரும் புள்ளி நம்பத்தக்கதல்ல.

மணித்தியாலத்தைக் கூட்டும் முறை

ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குளிப்பாட்டி உடுத்த 45 நிமிடம். மூன்று வேளை ஊட்ட 90. கழிப்பறைக்கு ஆறு தரம் 60. மருந்து கொடுக்க 15. துணி துவைக்க 60. இரவில் மூன்று தரம் எழும்பியதற்கு 60. மொத்தம் 330 நிமிடம், ஐந்தரை மணித்தியாலம். இது கை வேலை. இதன் பக்கத்தில் இன்னொரு நிரலில் காவல் நேரத்தை எழுதுங்கள்: கையில் வேறு வேலை இருந்தாலும் காது நோயாளியிடம் இருக்கும் நேரம், வீட்டை விட்டுப் போக முடியாத நேரம். இரண்டையும் கூட்டாதீர்கள், தனித்தனியே காட்டுங்கள். கூட்டினால் ‘ஒரு நாளைக்கு இருபது மணித்தியாலமா’ என்று அதிகாரி சிரிப்பார். விட்டுவிட்டால் ஐந்தரை மணித்தியாலம் வேலை செய்பவர் ஏன் கூலி வேலைக்குப் போவதில்லை என்று கேட்பார்.

ஒப்பிட ஓர் எண் வேண்டுமானால் இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வு இருக்கிறது. குடும்பத்தினரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 76 நிமிடம். சம்பளமில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97. இலங்கையும் 2017 இல் தன் முதலாவது தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது. உலக அளவில், பராமரிப்புப் பொறுப்பால் வேலைச் சந்தைக்கு வெளியே இருக்கும் பெண்கள் 70.8 கோடிப் பேர் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024 இல் கணக்கிட்டது. தேசிய ஆய்வுகளில் பிள்ளை வளர்ப்பும் சேர்ந்துதான் வரும். பாரிசவாத நோயாளி உள்ள ஒரு வீடு அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகும். உங்கள் சிறிய ஆய்வு தேவைப்படுவது அதனால்தான்.

மருமகள்களையும் மனைவிகளையும் எண்ணாமல் விடும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. பிரித்தானியாவில் பெற்றோரைப் பார்ப்பதற்காகத் தன் மதப்பணியை விட்ட மேரி வெப்ஸ்டர், தன்னைப் போன்ற திருமணமாகாத பெண்களுக்காக 1965 இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அங்கே பராமரிப்பவருக்கான கொடுப்பனவு 1976 இல் வந்தது. ஆனாலும் மணமான பெண்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்று அவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஜாக்குலின் டிரேக் என்ற பெண் தொடுத்த வழக்குக்குப் பிறகு 1986 இல்தான் அவர்களுக்கும் கிடைத்தது.

தேவைக்கு எதிரே ஒரு கதவு

படிவம் நிரம்பியதும் தேவைகளை ஐந்தாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எங்கே போவது என்பது கீழே.

பயிற்சி. பல வீடுகளில் செலவில்லாமல் உடனே கொடுக்கக்கூடிய உதவி இதுதான். தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்ற வேண்டும். குதிக்கால், இடுப்பெலும்பு, முதுகின் அடி ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறாவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது, உடனே தாதியிடம் காட்ட வேண்டும். பாரிசவாதம் வந்தவருக்குப் படுக்கவைத்தபடி ஊட்டக்கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டி, சாப்பிட்ட பின்னும் அரை மணித்தியாலம் அப்படியே இருக்கவிட வேண்டும். தூக்கும்போது வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு விலகக்கூடும். இவற்றை வாயால் சொல்லிவிட்டு வந்தால் பயனில்லை. நீங்கள் ஒரு தரம் செய்துகாட்டுங்கள், அவர் உங்கள் முன்னால் ஒரு தரம் செய்யட்டும். வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே வார்ட் தாதியிடம் இதைக் கேட்கும்படி குடும்பங்களுக்குச் சொல்லிவையுங்கள்.

இந்த வகை உதவி பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. கோவாவில் மறதி நோயாளிகள் உள்ள 81 குடும்பங்களில் நடந்து 2008 இல் வெளியான ஆய்வில், நிபுணர்கள் அல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு மாதம் வீடுகளுக்குப் போனார்கள். நோயைப் பற்றி விளக்கினார்கள், நோயாளியின் நடத்தையைக் கையாளும் வழிகளைக் காட்டினார்கள். பராமரிப்பவர்களின் மனநிலை தேறியது. மறதி நோய் உள்ள வீடுகளை நீங்கள் சந்தித்தால் கொழும்பிலுள்ள லங்கா அல்சைமர் நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறலாம்.

பணம். அஸ்வெசுமவின் கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்குமான மாதக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய்க்கும், குறைந்த வருமான முதியோருக்கானது 3,000 இலிருந்து 5,000 ரூபாய்க்கும் உயர்த்தப்பட்டன. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத வீட்டை அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். பெரிய சத்திரசிகிச்சைச் செலவுக்கு ஜனாதிபதி நிதியம் உண்டு. ஒரு பிள்ளை மட்டும் சுமக்க மற்றவர்கள் கைவிட்ட வீடுகளில், 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெற்றோர், பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்துப் பிள்ளைகளிடம் செலவு கோரலாம். இதைக் கடைசியாகச் சொல்லுங்கள். முதலில் அண்ணன் தம்பிமாரை ஒரு நாள் உட்காரவைத்து உங்கள் மணித்தியாலக் கணக்கைக் காட்டுங்கள்.

மேலே சொன்ன கொடுப்பனவுகள் நோயாளியின் பெயருக்கு வருபவை. கேரள அரசின் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம் முழுநேரப் பராமரிப்பு தேவைப்படுபவரைப் பார்ப்பவருக்கே மாதம் 600 இந்திய ரூபாய் வழங்குவது. தொகை சிறியது. ஆனால் அதற்கு விண்ணப்பிக்கும்போது அரசாங்கப் பதிவேட்டில் பார்ப்பவரின் பெயர் ஏறுகிறது. இங்கே அப்படியொரு திட்டம் கேட்க வேண்டுமென்றால் முதலில் எத்தனை பேர் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

ஓய்வு. ஒவ்வொரு கிராமத்திலும் ஏதோவொரு பெயரில் மரண உதவிச் சங்கம் இருக்கும். செத்த வீட்டுக்குப் பந்தலும் கதிரையும் கொண்டுவந்து, இரவெல்லாம் கண் விழிக்கும் அதே ஆட்கள், உயிரோடு படுத்திருப்பவரின் அருகில் வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் உட்கார முடியுமா என்று பொதுக்கூட்டத்தில் கேளுங்கள். கோழிக்கோட்டில் 1993 இல் வைத்தியர்கள் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, பிற்காலத்தில் அயலவர்களே வீடு வீடாகப் போகும் வலையமைப்பாக வளர்ந்தது. 2008 இல் கேரள அரசு நோய்த்தணிப்புப் பராமரிப்புக்குத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கு வருகின்றன. சிறிதாகத் தொடங்குங்கள்: ஒரு வீடு, ஒரு கிழமை நாள், இரண்டு மணித்தியாலம், ஒரே ஆள். ஆள் மாறிக்கொண்டிருந்தால் நோயாளி பயப்படுவார்.

பொருள். சக்கர நாற்காலி, கொமோட் கதிரை, ஊன்றுகோல் போன்றவற்றுக்கு சமூக சேவை உத்தியோகத்தர் ஊடாக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கு முன் வாசல் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். படிகளும் ஒற்றையடிப் பாதையும் உள்ள மலைச்சரிவு வீட்டுக்குச் சக்கர நாற்காலியைவிட கட்டிலோரம் வைக்கும் கொமோட் கதிரை அதிகம் உதவும்.

பராமரிப்பவரின் உடல்நலம். பராமரிப்பவருக்கு 35 வயதுக்கு மேல் என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவின் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் பிரஷர், சீனி பரிசோதிக்க ஒரு திகதி எடுத்துக்கொடுங்கள், அந்த நேரத்துக்கு மாற்று ஆளையும் ஒழுங்கு செய்யுங்கள். திகதி மட்டும் கொடுத்தால் போகமாட்டார். ‘செத்துப்போனால் நல்லது’ என்ற பேச்சு வந்தால் அதைப் பேச்சாக விட்டுவிடாதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை அவரோடு சேர்ந்தே அழையுங்கள், பூச்சிமருந்து வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டு அப்புறப்படுத்தச் செய்யுங்கள். அவசர அம்புலன்சுக்கு 1990. நோயாளியை அடித்த, கட்டிவைத்த அடையாளம் கண்டால் இரகசியம் காப்பதாகச் சொன்ன வாக்குறுதி அங்கே செல்லாது. இதை ஆரம்பத்திலேயே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பராமரிப்பவர் பிள்ளையாக இருந்தால்

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அதற்காக உடனே சட்டத்தைக் காட்டி வீட்டை மிரட்டாதீர்கள். அந்தப் பிள்ளை நின்ற நாட்கள் எவை என்று பாருங்கள். பெரும்பாலும் கிளினிக் நாளாகவோ சம்பள நாளாகவோ இருக்கும். அந்த நாட்களுக்கு மட்டும் ஓர் ஆளை ஒழுங்கு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். வகுப்பாசிரியருக்குக் காரணம் தெரியட்டும். வீட்டில் துன்புறுத்தலும் இருந்தால் 1929 இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும்.

முடிவைத் திருப்பிக் கொண்டுபோவது

பிரதேச செயலாளருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் ஒரே ஒரு பக்க அறிக்கை கொடுங்கள், சிங்களத்திலும் தமிழிலும். அதில் மூன்று எண்கள் போதும்: மாற்று ஆள் இல்லாத வீடுகள் எத்தனை, கிளினிக் நாளால் ஒரு மாதத்தில் இழந்த கூலி நாட்கள் எத்தனை, பாடசாலை நின்ற பிள்ளைகள் எத்தனை. கோரிக்கை இரண்டு போதும். ஒன்று, கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் பார்ப்பவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுவது. மற்றது, ஒரே ஊர் நோயாளிகளின் கிளினிக்கை ஒரே நாளில் வைப்பது. இரண்டுக்கும் புதிய நிதி வேண்டியதில்லை. வான் ஒன்றைப் பகிர்ந்துகொள்ள இரண்டாவது கோரிக்கை வழி செய்யும். ஊர்க்கூட்டத்தில் எண்களை வாசியுங்கள், வீட்டுப் பெயர்களை வாசிக்காதீர்கள். சின்ன ஊரில் ‘பாரிசவாத மாமியும் ஒன்பதாம் வகுப்பு மகளும் உள்ள வீடு’ என்றாலே எந்த வீடென்று தெரிந்துவிடும்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போங்கள். நான்காவது, எட்டாவது, ஒன்பதாவது கேள்விகளை மட்டும் மறுபடி கேளுங்கள். எட்டாவதற்கு ஒரு பெயர் வந்திருந்தால் உங்கள் ஆய்வு வேலை செய்திருக்கிறது.

நோயாளி இறந்த பிறகு

சில வீடுகளில் நீங்கள் திரும்பிப் போகும்போது நோயாளி இருக்கமாட்டார். கொடுப்பனவு நின்றிருக்கும், கிளினிக் தொடர்பு அறுந்திருக்கும், பட்டியலிலிருந்து வீட்டையும் எடுத்துவிடலாம் என்று தோன்றும். எடுக்காதீர்கள். எட்டு வருடம் வீட்டில் நின்ற ஒரு பெண்ணுக்கு இப்போது வேலை இல்லை, சேமலாப நிதியில் எட்டு வருட இடைவெளி, முதுகுவலி மட்டும் மிச்சம். முப்பத்தொன்று முடிந்த பிறகு ஒரு தரமும், ஆறாம் மாதம் ஒரு தரமும், ஆண்டுத் திவசத்துக்குப் பிறகு ஒரு தரமும் போங்கள். தோட்டத்தில் மறுபடி பேர் பதிய வேண்டுமா, சுயதொழில் கடன் வேண்டுமா, கண் கிளினிக்குக்குத் திகதி வேண்டுமா என்று கேளுங்கள். அவர் விரும்பினால், விரும்பினால் மட்டும், புதிதாகப் பாரிசவாதம் வந்த இன்னொரு வீட்டுக்கு உங்களோடு கூட்டிப் போங்கள். ஆளைப் புரட்டுவது எப்படி, வாயில் சோறு தங்கினால் என்ன செய்வது என்று அந்த வீட்டு மருமகளுக்குக் காட்டித்தர உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படிப் போகும் நாளுக்கு அவருக்கு பஸ் காசும் ஒரு நாள் கூலியும் கொடுங்கள். செலவுக் கணக்கில் அதைப் பயிற்சியாளர் கொடுப்பனவு என்ற தலைப்பிலேயே எழுதுங்கள்.